வராத வெள்ளத்து ஐயா

சீனிவாசகத்தைப் பற்றிக் குறை சொல்லச் சொன்னால் ஓடைத்தெருவில் யாரும் பின்வாங்க மாட்டார்கள். ஆடிக்கொரு தடவை அமாவாசைக்கொரு தடவை மழை பெய்கிற சீமைக்கு வெள்ளம் பார்க்க வந்த மனுஷர் என்பது முதல் குறை. சித்திரை வெயிலிலும் கறுப்புக் குடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு திரிகிறார் என்பது இரண்டாவது. மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் குரல் தணிந்துவிடும். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, மனைவி போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம், பிள்ளை குட்டி கிடையாது, பொங்கலுக்குக்கூடப் போக ஒரு வீடு இல்லை. "இப்படியும் ஒரு மனுசன் ஒத்தையில இருப்பாகளா?" என்று பெண்கள் தீப்பெட்டி ஒட்டுகிற கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொள்வார்கள்.

அவர் விருதுநகரில் பொதுப்பணித்துறை இன்ஜினியர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவில் கிடக்கிற முப்பது கண்மாய்களில் எது எப்போது நிறையும், நிறைந்தால் எந்த ஊருக்குள் தண்ணீர் போகும் என்று முன்கூட்டிச் சொல்வது அவர் வேலை. ஐம்பத்தைந்தாம் வருஷப் புயலில் இந்தப் பக்கம் பட்ட பாட்டுக்குப் பிறகு மேலிடத்தில் யாருக்கோ உதித்த ஞானம் அது. ஆறு இடத்தில் மழைமானி வைத்தார். தினமும் காலை எட்டரைக்கு அளந்து, அளவைச் சீட்டில் எழுதி, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட ஆள் போட்டார். மேற்கே எம். புதுப்பட்டிப் பக்கம் இத்தனை அங்குலம் பெய்தால் ஆமத்தூருக்குத் தெற்கே இருக்கிற கூமாச்சிக் கண்மாய்க்கு எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் வரும் என்று ஒரு நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்த நோட்டை அவர் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குவார் என்று அவருக்கு எடுபிடியாக இருந்த லஸ்கர் நாகையா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

ஓடைத்தெரு அந்தக் கண்மாய்க்குக் கீழே, ஓடையின் கரையிலேயே உட்கார்ந்திருந்தது. போன தலைமுறை வரைக்கும் மேட்டுத் தெருக்காரர்களின் புஞ்சையில் கூலி வேலை பார்த்த ஜனங்கள். இப்போது பாதிப்பேர் பட்டாசுக் கம்பெனிக்கும் பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீசுக்கும் போனார்கள். நல்ல மேடான இடமெல்லாம் முன்னாலேயே வந்தவர்களுக்குப் போய்விட்டது. பள்ளம்தான் இவர்களுக்கு மிச்சம். சீனிவாசகம் வந்த முதல் வருஷமே ஒவ்வொரு வீட்டு நிலைக்காலிலும் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டார். கூமாச்சிக் கண்மாய் பெருகினால் தண்ணீர் இதுவரை வரும் என்பதற்கு அடையாளம். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் எல்லாக் கோட்டுக்கும் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள்.

"இது சாமி இல்லம்மா, அபாயம்," என்றார் தலையில் அடித்துக்கொண்டு.

"சர்க்கார் வந்து வாசல்ல செவப்புக் கோடு போட்டுட்டுப் போனா, வெறும் நிலையா விட முடியுமா ஐயா?" என்றாள் வேலுத்தாய்.

தெருவின் மழைமானி அவள் பொறுப்பு. களத்துமேட்டில் இருந்த அந்தக் கருவிக்கு 'மழைச்செம்பு' என்று பேர் வைத்தவளும் அவள்தான். நாற்பது வயது, தீப்பெட்டி ஆபீசில் வேலை, யாருக்கும் பயப்படாத வாய்.

ஆனாலும் அவர்மேல் அந்தத் தெருவுக்கு உயிர். அதற்குக் காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் எல்லாரையும் 'வாங்க, போங்க' என்றார். மேட்டுத் தெருவின் ஐந்து வயதுப் பொடியன்கூட அவர்களுடைய கிழவனை 'ஏலே' என்று கூப்பிட்ட காலம் அது. இந்த மனுஷரோ இருளம்மாளின் ஆறு வயது மகளைப் பார்த்தால் சைக்கிளை நிறுத்திவிட்டு, "முத்துமாரியம்மாள், சௌக்கியமா இருக்கீங்களா?" என்பார். அதுவும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நல்லாருக்கேன், நீங்க சாப்பிட்டீகளா?" என்று கேட்கும். அவரிடம் தினமும் அப்படிக் கேட்கிற ஒரே ஆள் அதுதான்.

இனி அவர் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். வெள்ளம் வந்தால் ஜனங்களுக்கு எப்படித் தெரிவிப்பது? அறுபத்திரண்டாம் வருஷம் யோசித்து யோசித்து, மூன்று அதிர்வேட்டுப் போட்டால் மேட்டுக்கு ஓடுங்கள் என்று ஏற்பாடு செய்தார். பட்டாசுச் சீமையில் வந்து வேட்டுப் போட்டு ஆளைக் கூப்பிடப் பார்த்த புத்திசாலி அவர் ஒருவர்தான். மேற்கே பெருமழை பெய்த அன்றைக்கு நாகையா மூன்று வேட்டும் போட்டான். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. ஏதோ கம்பெனியில் சரக்குச் சோதிக்கிறார்கள் என்று அவரவர் வேலையைப் பார்த்தார்கள். கடைசியில் அவரே ஓடி வந்து வீடு வீடாகக் கெஞ்சினார். பாவம், மனுஷர் இப்படித் தவிக்கிறாரே என்று ஆட்டையும் கோழியையும் தூக்கிக்கொண்டு களத்துமேட்டுக்கு ஏறி, மழையில் வெடவெடத்து நின்றார்கள். மேற்கே வேறொரு கண்மாய் உடைந்து, வந்த தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமாகப் போய்விட்டது. ஓடையில் கணுக்கால் அளவுதான் வந்தது. அன்றிலிருந்து அவர் பேர் 'வராத வெள்ளத்து ஐயா'. கூப்பிட்டால் அவரும் சிரித்துக்கொள்வார். உள்ளுக்குள் மட்டும் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டால் வருவார்களா?

அந்த இன்னொரு தடவை அறுபத்து மூன்று கார்த்திகையில் வந்தது. பத்து மணி பஸ்ஸில் புதுப்பட்டிச் சீட்டு வந்தது. ஆறரை அங்குலம். கீழே, 'இன்னும் பெய்கிறது, செம்பு நிறைந்து வழிந்துவிட்டது' என்று வேறு எழுதியிருந்தது. சீனிவாசகம் நோட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மேற்கே உடைந்த கரையை இந்த வருஷம் நின்று கட்டியவர் அவரே. ஆகவே இந்தத் தடவை தண்ணீருக்கு வேறு வழி கிடையாது. மாலை ஐந்து மணிக்கு ஓடைத்தெருவில் சிவப்புக் கோடு வரைக்கும் தண்ணீர் நிற்கும். நாகையாவைக் கூட்டிக்கொண்டு கொட்டுகிற மழையில் சைக்கிளை மிதித்தார்.

முதலில் களத்துமேட்டுக்குப் போனார். ஓடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஏறி நிற்க மேடு என்றால் அது ஒன்றுதான். களமும் அதன் ஓரத்தில் நெல் அடைக்கிற பெரிய கிட்டங்கியும் மேட்டுத் தெருச் சுந்தரபாண்டியுடையவை. கூலிக்கு நெல் தூற்றவும் மழைச்செம்பு பார்க்கவும் மட்டும் ஓடைத்தெரு அங்கே ஏறலாம். கிட்டங்கியைத் திறந்து வைக்க முடியுமா என்று கேட்டார்.

"போன வருசம் களத்துல நிக்க விட்டதுக்கே எங்க ஆளுக மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாக," என்றார் சுந்தரபாண்டி. "நெல்லு கிடக்கிற இடம். நீங்க கேக்குறீக, இல்லைன்னு சொல்ல மனசு வரல. முதல்ல அவுக வாராகளான்னு பாருங்க, பெறகு பாப்போம்."

தெருவுக்கு இறங்கினார். மழைக்காகத் தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசுக் கம்பெனியிலும் விடுமுறை. எல்லாரும் வீட்டில் இருந்தார்கள்.

"ஐயா, போன வருசம் நீங்க சொன்னீகன்னு கோழியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஏறுனோம்," என்றான் சங்கிலிமுத்து. "வெள்ளம் வரல, சளிதான் வந்துச்சு." தெருவே சிரித்தது.

"மூணு குரோசு பெட்டி, நானூத்துச் சொச்சம், ஒட்டிக் காயப் போட்டிருக்கேன் ஐயா," என்றாள் இருளம்மாள். "வெளிய எடுத்தா அம்புட்டும் நனைஞ்சிரும். ஆபீசுல கையில வாங்க மாட்டாக. நீங்க நனையாம உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிங்க."

அவர் கெஞ்சினார், கோபப்பட்டார், நோட்டை விரித்துக் காட்டினார். யாரும் அவரை மதிக்காமல் இல்லை. ஒருத்தி தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். ஆனால் ஒரு பானையும் நகரவில்லை. மணி பன்னிரண்டு. இங்கேயே நின்று வாதாடவும் நேரம் இல்லை. கண்மாயில் வேறொரு வினை இருந்தது. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கலுங்கு என்று ஒரு வழி உண்டு. அதில் நட்டிருக்கிற கற்களுக்கு நடுவே வயல்காரர்கள் களிமண்ணும் கோரையும் திணித்து அடைத்துவிடுவார்கள். ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நின்றால் அவர்களுக்கு லாபம். அதை எடுக்காமல் விட்டால் கரை உடைந்து, மொத்தத் தண்ணீரும் ஒரே அடியாக வந்து தெருவையே துடைத்துக்கொண்டு போகும். எடுத்துவிட்டால் மெல்ல மெல்ல ஏறி வரும். ஆள் தப்பிக்க ஒரு மணி நேரம் கிடைக்கும். தப்பிக்கிற எண்ணம் அவர்களுக்கு இருந்தால்.

வேலுத்தாயை ஓரமாகக் கூப்பிட்டார். "நான் கலுங்கைத் திறக்கப் போறேன். நீங்க நாலரைக்குள்ள எல்லாரையும் கிட்டங்கிக்கு ஏத்திடணும். எப்படியாவது."

"ஐயா, நீங்க பொய் சொல்லத் தெரியாத ஆளு. அதான் உங்க பேச்சு எடுபடல," என்றாள் அவள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "எப்படியாவதுன்னா, எப்படியும் செய்யலாமா?"

"எப்படியும் செய்யுங்க," என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறினார்.

கலுங்கில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவரும் நாகையாவும் கடப்பாரையால் களிமண்ணைக் குத்தி எடுத்தார்கள். கடைசிக் கல்லில் இருந்த அடைப்பு பெயர்ந்தபோது தண்ணீர் அவரை இருபதடி தூரம் உருட்டிக்கொண்டு போய் ஒரு வேலிக்கருவை மரத்தில் போட்டது. நாகையா கயிறு வீசி இழுத்தான். முழங்கை கிழிந்திருந்தது. கரையில் சொருகி வைத்திருந்த குடையைக் காணோம். அது ஓடையோடு தலைகீழாகச் சுற்றிச் சுற்றிக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

"குடை போனாப் போகுது ஐயா, உங்களுக்கு உசுரு கெட்டி," என்றான் நாகையா.

சீனிவாசகம் குடையைப் பார்க்கவில்லை. அது போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையாலேயே அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார். அது இப்போது முத்துமாரி வீட்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வேறு வழி இல்லை என்று நோட்டு சொன்னது. நெஞ்சு கேட்கவில்லை.

பாதை முங்கிவிட்டதால் சைக்கிளை விட்டுவிட்டு மேட்டு வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். சேற்றில் கால் வைக்குமிடமெல்லாம் வழுக்கியது. மணி நாலே முக்கால் ஆகிவிட்டது. களத்துமேடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சங்கு. அதைத் தொடர்ந்து சேகண்டி. இரண்டும் சேர்ந்து கேட்டால் இந்தச் சீமையில் ஒரே அர்த்தம்தான். ஒரு சாவு விழுந்திருக்கிறது.

"கேதம் ஐயா," என்றான் நாகையா மெதுவாக. "யாரோ போயிட்டாக."

சீனிவாசகம் தெருவை வீடு வீடாக நினைத்துப் பார்த்தார். யார்? வயசான நாலு பேர் முகம் வந்தது. பிறகு வேண்டாம் வேண்டாம் என்றாலும் சின்ன முகங்களாக வந்தன. நான் திறந்த தண்ணீர் என்று வாய்விட்டே சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஐம்பது வயசை மறந்து, அந்தச் சேற்றில் ஓட ஆரம்பித்தார்.

கிட்டங்கிக் கதவு இரண்டும் விரியத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒப்பாரி வந்தது.

"குடை பிடிச்சு வந்த மகராசா - எங்க
கோடு போட்டு வச்ச புண்ணியரே
மழையளக்கப் போனீகளே - எங்க
மனசளக்க வாரலையே..."

அவர் வாசலில் நின்றுவிட்டார். ஓடைத்தெரு மொத்தமும் உள்ளே இருந்தது. நடுவில் ஒரு நெல் மூட்டைமேல் கிழிந்த கறுப்புக் குடை ஒன்றைப் படுக்க வைத்து, அதற்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். சுந்தரபாண்டி செத்தவருக்குப் போர்த்தக் கையில் கோடி வேட்டியோடு தலை குனிந்து நின்றார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். இன்னொரு பக்கம் பிள்ளைகள். நண்டும் சிண்டுமாக வரிசையில் நின்று, குச்சியில் துணி சுற்றிக் கட்டிய பந்தத்தை ஆளுக்கொன்று பிடித்திருந்தார்கள். நெய்ப்பந்தம். செத்தவருக்கு அவருடைய பேரன் பேத்திகள்தான் அதைப் பிடிக்க வேண்டும்.

"யாரும்மா போயிட்டா?" என்று கேட்டார் சீனிவாசகம்.

முதலில் திரும்பியவள் இருளம்மாள். அவள் போட்ட கூச்சலில் புறாக்கள் கூரையை விட்டுப் பறந்தன. சங்கிலிமுத்து சங்கைக் கீழே போட்டுவிட்டான். சுந்தரபாண்டி அவருடைய காலைக் குனிந்து பார்த்தார், தரையில் பாவுகிறதா என்று. கால் தரையில்தான் இருந்தது, சேறும் ரத்தமுமாக. பிறகு அங்கே எழுந்த அழுகையையும் சிரிப்பையும் திட்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. கிழவிகள் அவர் முகத்தைத் தடவித் தடவி நெட்டி முறித்தார்கள். "செத்ததாச் சொன்னா ஆயுசு கூடும்யா, நூறு வருசம் இருப்பீக," என்றாள் ஒருத்தி. "இது யார் பண்ணின வேலை?" என்று சுந்தரபாண்டி கர்ஜித்தார்.

வேலுத்தாய் முன்னால் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நான்தான். எப்படியும் செய்யுங்கன்னு ஐயாதான சொன்னாக," என்றாள். "மூணரை மணிக்கு ஓடையில குடை வந்துச்சு. இறங்கி எடுத்தேன். ஐயா தண்ணியில போயிட்டாக, பொணத்தைக் களத்துமேட்டுக்குக் கொண்டாராகன்னு தெருவுல நின்னு கத்துனேன். போட்டது போட்டபடி அம்புட்டுப் பேரும் ஓடி வந்தாக. மழையில பொணத்தை எங்க கிடத்துறதுன்னு களத்துக்காரகளே கிட்டங்கியத் தொறந்துவிட்டாக. கேதத்துக்குக் கைப்பிள்ளைகளக் கொண்டாரமாட்டாக, வீட்டுல விட்டுருவாகளேன்னு ரோசனை வந்துச்சு. ஐயாவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது, ஓடைத்தெருப் பிள்ளைக எல்லாம் வந்து நெய்ப்பந்தம் பிடிக்கணும்னு சொல்லி வச்சிருந்தாகன்னேன். ஒருத்தர்கூட ஏன்னு கேக்கல ஐயா."

"நான் உயிரோட இருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றாள் அவள். "குடைதான் வந்துச்சு, ஆளு வரல. இருக்கீகளா போயிட்டீகளான்னு யாருக்குத் தெரியும்? நெசமாவே அழுதுக்கிட்டுச் சொன்னேன். அதான் நம்புனாக."

அப்போதுதான் வெளியே அந்த இரைச்சல் கேட்டது. எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். ஓடை கரையைத் தாண்டிவிட்டது. மேட்டை ஒட்டிய முதல் வீட்டு நிலைக்காலில் மஞ்சளும் குங்குமமுமாக இருந்த சிவப்புக் கோடு கண் பார்க்கப் பார்க்கத் தண்ணீருக்குள் போனது. பெட்டி காயப்போட்ட முறங்கள் மிதந்து வந்தன. இருளம்மாளின் மூன்று குரோசும் அதில் போயிற்று. வராத வெள்ளம் வந்துவிட்டது.

சீனிவாசகம் மடியிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய நோட்டை எடுத்தார். தெருவில் மொத்தம் நூற்று எண்பத்தேழு பேர் என்று வீடு வாரியாக எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். நூற்று எண்பத்தாறு. மறுபடி எண்ணினார். நூற்று எண்பத்தாறு. பந்தத்தின் வெளிச்சத்தில் வீட்டுப் பேராக வாசித்துக்கொண்டு வந்தவர் இருளம்மாள் வீட்டில் நின்றார்.

"முத்துமாரி எங்கே?"

"அவ அப்பத்தாகூட..." என்று இருளம்மாள் திரும்பினாள். அப்பத்தா கையை விரித்தாள். இருளம்மாள் வாசலைப் பார்த்து ஓட, நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். சீனிவாசகம் நோட்டைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டார். நாகையா அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு கத்தினான்.

"நான் இங்கன இருக்கேன்."

குரல் உள்ளே, நெல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்தது. முத்துமாரி அங்கே சுவரோடு ஒண்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் எரியாத பந்தம் ஒன்று கிடந்தது.

"ஏண்டி, பாவி மகளே, இங்கன என்னடி செய்யுத?" என்று இருளம்மாள் அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டே அணைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் பந்தம் பிடின்னாக. நான் மாட்டேன்னு வந்துட்டேன்," என்றது அது. அம்மாவின் தோளுக்கு மேலாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "நான் பிடிச்சா நீங்க செத்தது நெசமாயிரும்ல?"

மனைவி போனபோதுகூட நாலு பேர் பார்க்க அழாத மனுஷர், அந்த நெல் மூட்டைமேல், தன்னுடைய மாலை போட்ட குடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேவிக் கேவி அழுதார். யாரும் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டார்கள். முத்துமாரி வந்து அவர் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது.

"நீங்க சாப்பிட்டீகளா?" என்று கேட்டது.

"இல்லீங்க," என்றார் அவர்.

சுந்தரபாண்டி கோடி வேட்டியை அவர் தோளில் போர்த்தினார், குளிருக்கு. பிறகு ஆளை அனுப்பித் தன் வீட்டு அடுப்பில் எல்லாருக்கும் கஞ்சி வைக்கச் சொன்னார். மேட்டுத் தெருவிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள வந்த இரண்டு பேரிடம், "கேத வீட்டுல யாரு யாருன்னு பாக்கப்படாது," என்றார். செத்தவர் எதிரே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார் என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

"கோட்டுக்கு மேல ரெண்டு விரக்கடை கூடுதலா வந்துருச்சு ஐயா," என்றாள் வேலுத்தாய் வாசலில் இருந்து. "கணக்குத் தப்பு."

சீனிவாசகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோட்டை எடுத்துத் துடைத்து, பென்சிலை எச்சில் தொட்டு, நூற்று எண்பத்தேழு என்று எழுதினார். "எல்லாரும் இருக்காங்க. சரியா இருக்கு," என்றார்.

"அதுவும் தப்பு," என்றாள் வேலுத்தாய் எட்டிப் பார்த்து. "எங்க தெருவுல நூத்து எம்பத்தெட்டு. ஒரு ஆளை விட்டுட்டீக."

அவர் பதறிப்போய் மறுபடி கூட்டத்தைப் பார்த்தார். "யாரு? யாரை விட்டேன்?"

முத்துமாரிதான் அவருடைய மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பியது.

"உங்களத்தான்," என்றது.

சீனிவாசகம் நோட்டை மறுபடி விரித்தார். ஏழு என்பதை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினார்.